புயல் டூட்டி பார்க்கறவங்களுக்கு யாரு துணை? ஜோடியா, வட்டமா, ஹெல்ப்லைனா

வர்ற ஐப்பசிக்குள்ள எங்க செட்டுல ஒரு முடிவு எடுத்தாகணும். செட்டுன்னா ஸ்டாஃப் நர்ஸ் கொஞ்சம் பேரு, 108 ஆம்புலன்ஸ்ல ஓடற இஎம்டி (வண்டிலயே முதலுதவி பார்க்கறவங்க), பைலட்டுங்க (வண்டி ஓட்டறவங்க), லேப்ல ரெண்டு பேரு, வார்டு க்ளீனிங் பார்க்கற அக்காங்க, தெரிஞ்ச லைன்மேன் அண்ணனுங்க சில பேரு. பாதி ஆளுங்க கடலூரு, மிச்சம் புதுச்சேரி பக்கத்து பாகூர், கன்னியக்கோயில், அரியாங்குப்பம். புயல்னா லீவு கேன்சல், எல்லாரும் டூட்டில தான் இருப்போம், அது பழகிப்போச்சு. ஆனா அந்த டூட்டில பார்த்ததையும் கேட்டதையும் மனசுல வெச்சிக்கினு வீட்டுக்குப் போறவங்களுக்கு யாரு துணைன்னு மட்டும் இதுவரைக்கும் உக்காந்து பேசினதே இல்ல.

இப்ப பேசினதுல அஞ்சு யோசனை வந்துச்சு. புயல் முடிஞ்ச கையோட ஒரு கவுன்சிலரை வரவெச்சு எல்லாரையும் ஒரு நாள் உக்கார வெச்சு பேச வைக்கறது, வாட்ஸப் குரூப் ஆரம்பிக்கறது, ஹெல்ப்லைன் நம்பரை குடுத்துட்டு அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டுடறது, வாரம் ஒரு வாட்டி வட்டமா உக்காந்து பேசறது, ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போடறது. எனக்கு ஜோடி தான் சரின்னு படுது, அதுவும் மழைக்கு முன்னாடியே போட்டுடணும், அது தாங்காத நேரத்துக்கு பின்னாடி ஹெல்ப்லைன் இருக்கணும். ஏன்னு விலாவாரியா சொல்றேன், வேற மாதிரி நினைக்கறவங்க மீட்டிங்ல தாராளமா எதிர்த்துப் பேசுங்க.

நம்ம ஊரு நிலைமைய முதல்ல பார்க்கணும். பெரிய ஊரு பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு எழுதி வெச்ச திட்டம் எல்லாம் டூட்டி பார்க்கறவங்க வேற, பாதிக்கப்பட்டவங்க வேறன்னு நினைச்சு எழுதினது. இங்க ரெண்டும் ஒரே ஆளு. 2004 டிசம்பர் 26 சுனாமில தேவனாம்பட்டினம் பக்கம் பொணம் தேடி எடுத்தவங்கள்ல நிறைய பேரு அதே குப்பத்து பசங்க தான், தேடினது சொந்தக்காரங்களைத் தான். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சப்போ கம்பம் நட்டு லைன் இழுத்த ஆளுங்கள்லயும் தோப்பு போனவங்க இருந்தாங்க. 2015 நவம்பர் வெள்ளம் வேற. அப்புறம் ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30 ராத்திரி கரைய கடந்துச்சு, புதுச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல மழை, அது வடியறதுக்குள்ள சாத்தனூர் டேம்ல வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டு டிசம்பர் 2ம் தேதி தென்பெண்ணைல வந்த தண்ணி கடலூர் பக்கமும் பாகூர் பக்கமும் ஒண்ணா புகுந்துச்சு.

அன்னைக்கு வார்டுல ஒரு சிஸ்டர் டிரிப் மாத்திக்கினு இருந்தாங்க, ஃபோன் அதிருது, எடுத்துப் பார்த்தா அவங்க பொண்ணு ஃபோட்டோ அனுப்பியிருக்கு, வீட்டு ஹால்ல தண்ணி, டிவி ஸ்டாண்டோட ரெண்டாவது தட்டு வரைக்கும். பார்த்தாங்க, ஃபோனை பாக்கெட்ல போட்டாங்க, அடுத்த பெட்டுக்குப் போய் வெயின் தேட ஆரம்பிச்சாங்க. ரெண்டு வாட்டி குத்தியும் கிடைக்கல, சாதாரணமா அவங்களுக்கு அப்படி ஆகவே ஆகாது. தரை கூட்டிக்கினு இருந்த க்ளீனிங் அக்கா தான் அதை கவனிச்சாங்க. மாப்பை ஓரமா வெச்சிட்டு கிட்ட வந்து "சிஸ்டர், பாப்பா மாடிக்குப் போயிடுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன், எதுனா ஒண்ணுன்னா கூப்புடறேன்"னு சொல்லி ஸ்டோர் ரூம் பக்கம் அனுப்பி வெச்சாங்க. ரெண்டு நிமிஷம் தான். திரும்பி வந்த சிஸ்டர் அப்புறம் விடிய விடிய நின்னு வேலை பார்த்தாங்க. அந்த அக்கா வீடும் ஆத்தோரம் தான். அவங்க கிட்ட போய் உங்க வீடு என்னாச்சுன்னு அந்த ராத்திரி ஒருத்தரும் கேக்கல.

நான் சொல்ல வர்றது முழுக்க இதுல இருக்கு. கூட வேலை செய்யறவங்க கிட்ட அந்த கவனிப்பு ஏற்கனவே இருக்கு, யாருக்கும் புதுசா கத்துக்குடுக்க வேண்டியதில்ல. அது யாருக்கோ கிடைக்குது யாருக்கோ கிடைக்காம போகுது, அதைத் தான் சரி பண்ணணும். எந்த யோசனைல க்ளீனிங் அக்காவையும் ஒருத்தர் கட்டாயம் கேப்பாங்களோ அந்த யோசனை தான் எனக்கு வேணும்.

இந்தக் கணக்குல பார்த்தா முதல்ல கழட்டி விட வேண்டியது அந்த ஒரு நாள் கவுன்சிலிங். கேக்க நல்லா இருக்கும், பேனர் கட்டலாம், ஃபோட்டோ எடுக்கலாம், நிர்வாகத்துக்கும் ஒரு வேலை முடிஞ்சிடும். இந்த முறை புதுசும் கிடையாது. அமெரிக்காவுல ஜெஃப்ரி மிட்செல்னு ஒருத்தர் 1983ல தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆளுங்களுக்குன்னு கொண்டு வந்தது, சம்பவம் நடந்த கொஞ்ச நாள்ல எல்லாரையும் உக்கார வெச்சு என்ன பார்த்தே, என்ன தோணுச்சு, எது ரொம்ப மோசமா இருந்துச்சுன்னு படிப்படியா சொல்ல வைக்கறது. பல நாட்டுல இதை செஞ்சாங்க. அப்புறம் 2002ல காக்ரேன்னு, மருத்துவ சோதனைங்களை மொத்தமா சேர்த்து அலசற அமைப்போட ஆய்வுல ஒரே உக்காருதல்ல முடியற இந்த மாதிரி முறைய வெச்சு செஞ்ச சோதனை எல்லாத்தையும் அலசிப் பார்த்தாங்க, பின்னாடி வர்ற மனக்காயத்தை இது தடுக்கறதா தெரியல, ஒரு சோதனைல செஞ்சிக்கிட்டவங்க செஞ்சிக்காதவங்களை விட மோசமா இருந்தாங்க. அந்த சோதனை எல்லாம் பெரும்பாலும் விபத்துல அடிபட்டவங்களை தனித்தனியா வெச்சு செஞ்சது, டீமா வேலை செய்யறவங்களை வெச்சு இல்லன்னு இந்த முறைய ஆதரிக்கறவங்க இன்னும் வாதம் பண்றாங்க, அது ஓரளவுக்கு நியாயம் தான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனமே இதை வேணாம்னு தான் சொல்லுது. சொல்ல விருப்பமில்லாதவங்களை பத்து பேரு முன்னாடி சொல்ல வைக்கறதுக்கு எனக்கு மனசு வரல. சின்னக் குழந்தை பொணத்தை தூக்கினவரு அதை எப்ப சொல்லணும், யாருகிட்ட சொல்லணும், சொல்லணுமா வேணாமான்னு அவரு தான் முடிவு பண்ணணும்.

அதுக்கு பதிலா 2011ல அதே உலக சுகாதார நிறுவனம் களத்துல வேலை செய்யறவங்களுக்குன்னு மனநல முதலுதவி கையேடு ஒண்ணு போட்டாங்க. அதோட சாரம் மூணே மூணு தான், பாரு, கேளு, சேர்த்து விடு. ஆளு எப்படி இருக்காருன்னு பாரு, பேசினா கேளு, பேச சொல்லி நோண்டாதே, என்ன உதவி தேவையோ அது கிடைக்கற இடத்துல கொண்டு போய் சேர்த்து விடு. அந்த அக்கா செஞ்சது அச்சு அசலா இதே தான்.

வாட்ஸப் குரூப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. எந்த ரோட்ல தண்ணி, யாருக்கு ஷிப்ட், எங்க படகு நிக்குதுன்னு சொல்ல அதை விட்டா வேற வழியில்ல, அதுக்கு வெச்சிக்கலாம். மனசு விஷயத்துக்கு ஆகாது. ஒருத்தி ராத்திரி ரெண்டு மணிக்கு "முடியலப்பா"ன்னு போட்டா காலைல பார்த்தா கும்பிடற கை பதினஞ்சு, "ஸ்ட்ராங்கா இருங்க சிஸ்டர்" ஒரு பத்து, அதுக்கு நடுவுல யாரோ போட்ட குட் மார்னிங். ஒருத்தரும் ஃபோன் பண்ணியிருக்க மாட்டாங்க, எல்லாரும் யாராச்சும் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க. அதே குரூப்ல இன்சார்ஜும் இருப்பாங்க, ஸ்க்ரீன்ஷாட் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது.

ஹெல்ப்லைன் அப்படி இல்ல, அதை நான் ரொம்ப மதிக்கறேன். டெலி மானஸ் 14416, மத்திய அரசு 2022 அக்டோபர் 10ம் தேதி ஆரம்பிச்சது, காசு கிடையாது, இருவத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், தேவைப்பட்டா மேல டாக்டர் வரைக்கும் அனுப்பி வைப்பாங்க. தமிழ்நாட்டு பக்கம் 104ம் இருக்கு. இதோட பெரிய பலமே அந்தப் பக்கம் பேசறவங்களுக்கு நம்மளைத் தெரியாது. கடலூர் மாதிரி ஊர்ல இது சின்ன விஷயமில்ல, மஞ்சக்குப்பத்துல தும்முனா முதுநகர்ல கேக்கும், சொந்தக்காரங்களே வார்டுல வேலை செய்வாங்க, பொண்ணு பார்க்க வர்றவங்க வரைக்கும் விஷயம் போகும். புருஷன் கிட்டயும் சொல்ல முடியாத, கூட வேலை செய்யறவ கிட்டயும் சொல்ல முடியாத விஷயம் இருக்கும், அதுக்கு முகம் தெரியாத காது தான் வேணும்.

ஆனா ஹெல்ப்லைன் மட்டும் போதும்னு விட்டுட முடியாது, ரெண்டு காரணம். ஒண்ணு, புயல் அடிச்ச முதல் ரெண்டு மூணு நாளு டவர் இருக்காது, சார்ஜ் இருக்காது. தானே அப்போ எத்தனை கிராமம் நாள் கணக்கா, வாரக் கணக்கா இருட்டுல கிடந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ரெண்டாவது, இது தான் முக்கியம், ரொம்ப நொந்து போனவங்க அவங்களா ஃபோன் எடுத்து நம்பர் அழுத்த மாட்டாங்க. "என்னை விட கஷ்டப்படறவங்க இருக்காங்க, நான் போய் எதுக்கு"ன்னு நினைப்பாங்க. நம்ம வேலைல இருக்கறவங்களுக்கு இந்த நினைப்பு ரொம்ப ஜாஸ்தி. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து நம்பரை போட்டுக் குடுத்து "பேசு, நான் வெளிய நிக்கறேன்"னு சொன்னா பேசுவாங்க. அந்த பக்கத்துல உக்காரற ஆளு யாருங்கறது தான் கேள்வி, அதுக்கு ஹெல்ப்லைன் கிட்ட பதில் இல்ல.

வட்டமா உக்காந்து பேசற யோசனைக்கு எங்க செட்டுல ஆதரவு அதிகம், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். அதுல நல்லது நிறைய இருக்கு. லண்டன்ல மைக்கேல் பாலின்ட்னு ஒரு டாக்டர் 1950கள்லயே குடும்ப டாக்டருங்களை வட்டமா உக்கார வெச்சு, நோயாளி கிட்ட தங்களுக்கு என்ன தோணுதுன்னு பேச வெச்சாரு, அது இன்னைக்கும் பல நாட்டுல நடக்குது. எனக்கு மட்டும் தான் கை நடுங்குச்சுன்னு நினைச்சிக்கினு இருந்தவங்களுக்கு எதிர்ல இருக்கறவங்களுக்கும் நடுங்குச்சுன்னு தெரியறப்போ வர்ற நிம்மதி வேற எதுலயும் வராது. ஆனா பாலின்ட் வட்டத்துல எல்லாரும் டாக்டர். எங்க வட்டத்துல யாரு யாரு உக்காருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. டாக்டர் வந்தா சிஸ்டர் பாதி தான் பேசுவாங்க, சிஸ்டர் இருந்தா க்ளீனிங் அக்கா வாயே திறக்க மாட்டாங்க, சேர் போட்டாலும் உக்கார மாட்டாங்க, செவுத்தோரமா நின்னுட்டு "எங்களுக்கு என்ன சிஸ்டர், நீங்க பேசுங்க"ம்பாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க பர்மனென்ட் ஆளு முன்னாடி குறை சொல்ல மாட்டாங்க. சாதியும் பதவியும் சம்பளமும் அந்த ரூம்ல கூடவே உக்காந்திருக்கும், அதை ஒரு வட்டம் போட்டு அழிச்சிட முடியாது. பன்னெண்டு மணி நேர ஷிப்ட்ல ஓடற 108 ஆளுங்களுக்கு எந்த நாள் எந்த நேரம் வசதிப்படும்னும் தெரியல.

இன்னொரு வட்டம் ஏற்கனவே இருக்கு, அதையும் பேசாம விட முடியாது. டூட்டி முடிஞ்சு ஆம்பளைங்க நிறைய பேரு டாஸ்மாக் போறாங்க, இல்லன்னா முள்ளோடை தாண்டி புதுச்சேரி பக்கத்து கடைக்கு. அழுகின உடம்பை தூக்கிட்டு வந்தவங்க குடிக்காம தூங்க முடியாதுன்னு சொல்றாங்க, அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க மனசு விட்டு பேசற ஒரே இடம் அது தான். ஆனா அங்க பேசினது காலைல யாருக்கும் ஞாபகம் இருக்காது, வீட்டுக்குப் போற பணமும் பாதி ஆயிடும், நாலு மாசத்துல அது இல்லாம முடியாதுங்கற இடத்துக்கு வந்து நிக்கறாங்க. நாம எதை ஆரம்பிச்சாலும் அந்த ஷிப்ட் முடியற நேரத்துல, அந்தக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, டீக்கடைல வெச்சு நடக்கற மாதிரி இருந்தா தான் ஆம்பளைங்களுக்கு பிரயோஜனம். ஜோடில அது முடியும், வாராந்திர மீட்டிங்ல முடியாது.

ஜோடி முறை கொரோனா டைம்ல பேரு வாங்கினது. 2020ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவத்துறைல ராணுவத்துல இருந்து இந்தப் பழக்கத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்தாங்க. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சீனியாரிட்டி, குடும்ப நிலைமையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கற ரெண்டு பேரை சேர்த்து விட்டு, அடிக்கடி கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்க வெச்சாங்க, அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு மனநல ஆளு, அதுக்கும் மேல தேவைப்பட்டா தனி சிகிச்சைன்னு மூணு அடுக்கு. எனக்கு இதுல புடிச்சது அந்த அடுக்கு தான். ஜோடி மேல எல்லா பாரத்தையும் ஏத்தல.

நம்ம ஊருக்கு இதை எப்படி மாத்தணும்னு எனக்கு சில பிடிவாதம் இருக்கு. ஜோடி சம நிலைல இருக்கணும், யாரு லீவு லெட்டர்ல கையெழுத்து போடறாங்களோ அவங்க ஜோடியா வரக் கூடாது. க்ளீனிங் அக்காவுக்கு இன்னொரு க்ளீனிங் அக்கா, பைலட்டுக்கு இன்னொரு பைலட். பொம்பளைக்கு பொம்பளையா இருக்கறது நல்லது, ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் அடிச்சா வீட்ல யாருன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் சொல்றதே இன்னொரு டென்ஷனா ஆயிடும். ரெண்டு பேரும் ஒரே தெருவுல குடியிருக்கக் கூடாது, ஏன்னா தண்ணி வந்தா ரெண்டு பேரு வீட்டுக்கும் ஒண்ணா வரும். ஆத்தோரத்து ஆளுக்கு மேட்டுப்பக்கத்து ஆளு.

இங்க எனக்கு ஒரு ஆசை, கடலூர் ஆளுக்கு புதுச்சேரி பக்கத்து ஆளை ஜோடி போட்டா என்ன? மாநிலம் வேற, டிபார்ட்மென்ட் வேற, அவங்க இன்சார்ஜுக்கு நம்ம பேரு கூட தெரியாது, வேலை மட்டும் ஒண்ணு. ஆபீஸ் அரசியல் உள்ள வரவே வராது. எடுத்த எடுப்புல எல்லாருக்கும் வேணாம், விருப்பப்படறவங்களுக்கு மட்டும். ரோடு கட் ஆனா நேர்ல பார்க்க முடியாது, அதனால இவங்களுக்கு மட்டும் மூணாவதா பக்கத்து வார்டுல இருந்து ஒரு ஆளை சேர்க்கணும்.

வெளி மாவட்டத்துல இருந்து வர்ற லைன்மேனுங்களை மறந்துடக் கூடாது. புயல் முடிஞ்சா லாரில வந்து இறங்கறாங்க, கல்யாண மண்டபத்துலயோ ஸ்கூல்லயோ படுக்கறாங்க, எல்லா ஊருலயும் எங்களுக்கு எப்ப கரன்ட்டுன்னு சண்டை போட்டு மறிக்கறாங்க, அவங்களுக்கு இங்க ஒரு முகம் கூட தெரியாது. ஒரு கேங்குக்கு உள்ளூர் லைன்மேன் ஒருத்தருன்னு வெச்சு, அவரு சாயங்காலம் போய் ஒரு டீ வாங்கிக் குடுத்து "வீட்டுக்கு பேசினியாண்ணே"ன்னு கேட்டா போதும்.

ஜோடில என்ன பேசணும்னு கேக்கறாங்க. சாப்டியா, தூங்கினியா, இன்னைக்கு எது மனசுலயே நிக்குது. மூணாவதுக்கு பதில் சொல்லலன்னா விட்டுடணும், நாளைக்கு திரும்ப கேக்கணும். புத்தி சொல்லக் கூடாது, "எனக்கு இதை விட மோசம்"னு நம்ம கதைய ஆரம்பிக்கக் கூடாது, கடவுள் மேல பாரத்தை போடுன்னு முடிச்சும் வைக்கக் கூடாது, அவங்களா சொன்னா சரி. ஷிப்ட் கைமாத்தற நேரத்துல நேர்ல ஒரு பத்து நிமிஷம், முடியலன்னா ஃபோன். கேட்டது ஜோடியத் தாண்டி போகக் கூடாது. அதுக்கு ஒரே விலக்கு உயிர் விஷயம். இருந்து என்ன பண்ணப் போறேன்னு பேச ஆரம்பிச்சா, நாள் கணக்கா தூங்காம இருந்தா, காலைலயே குடிக்க ஆரம்பிச்சா, வேலைல கவனம் சுத்தமா போனா, ரகசியம் காக்கறேன்னு உக்காந்திருக்கக் கூடாது, அன்னைக்கே கூட உக்காந்து 14416 போடணும், இல்லன்னா ஆஸ்பத்திரில மனநல டாக்டர் கிட்ட கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போகணும். இதை ஜோடி போடற அன்னைக்கே ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி ஒத்துக்கணும், அப்ப தான் பின்னாடி காட்டிக் குடுத்துட்டியேன்னு வராது.

இதுல ஓட்டையே இல்லன்னு நான் சொல்லல. ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரலாம், ஒருத்தருக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிடலாம், கேக்கறவங்களே கேட்டு கேட்டு நொந்து போகலாம். அதனால பத்து ஜோடிக்கு ஒருத்தர் பொறுப்பா இருந்து, காரணம் கேக்காம ஜோடி மாத்திக் குடுக்கணும். அந்தப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு மட்டும் மாவட்ட மனநலத் திட்டத்துல இருக்கறவங்க கிட்ட கேட்டு ஒரு ட்ரெய்னிங் வாங்கணும், சுனாமிக்கு அப்புறம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி ஆளுங்க இந்தப் பக்கம் வந்து ஊரு ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்த முன்மாதிரி இருக்கு, அதனால கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்கன்னு நம்பறேன்.

நிர்வாகத்துகிட்ட ஒண்ணை மட்டும் எழுதியே குடுக்கணும். உங்களுக்கு தான் துணை இருக்கே, இன்னும் ஒரு நைட் பாருங்கன்னு டபுள் டூட்டி போடறதுக்கு இது சாக்கா ஆயிடக் கூடாது. தூக்கமும், வண்டி வசதியும், சம்பளம் நேரத்துக்கு வர்றதும் இல்லாத இடத்துல எந்த ஜோடியும் நிக்காது. வெள்ளத்துல வீடு போன ஊழியருக்கு வீட்டைப் போய் பார்த்துட்டு வர அரை நாளாவது முதல்ல குடுங்க, அதுக்கப்புறம் நாங்க எங்களைப் பார்த்துக்கறோம்.

கடைசியா எத்தனை நாளைக்குங்கறது. மீட்டிங்ல ரெண்டு வாரம் போதும்னு ஒரு பேச்சு வந்துச்சு, எனக்கு அதுல சம்மதமில்ல. தண்ணி நிக்கற வரைக்கும் ஓட்டத்துல இருப்போம், ஒண்ணும் தெரியாது. மந்திரி வந்துட்டுப் போயி, நிவாரணம் குடுத்து முடிச்சு, வெளியூரு வண்டி எல்லாம் கிளம்பி, வீட்ல ஈரச் செவுத்தை பார்த்துக்கினு தனியா உக்காரும்போது தான் ஒவ்வொண்ணா மேல வரும். அது பெரும்பாலும் மார்கழில. அதனால ஐப்பசில ஜோடி போட்டா பொங்கல் தாண்டி தை முடியற வரைக்கும் அந்த மூணு கேள்வி ஓடணும், லிஸ்டை வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடலாம், க்ளீனிங் அக்காங்க பேரை முதல்ல எழுதுங்க.